என் முதுகெலும்பின் பேரில்

என் முதுகெலும்பு முறிந்த நாளிலிருந்து அது எனக்குச் சொந்தமாக இல்லை. வீட்டில் ஆளுக்கு ஒரு பங்கு போட்டுக்கொண்டார்கள். என் கணவர் பட்டாபிக்குப் பெரிய பங்கு, பெங்களூரில் இருக்கும் என் பிள்ளை விவேக்குக்கு அடுத்த பங்கு. ‘கோமதியால் இனிமேல் மாடி ஏற முடியாது’ என்று என் பேரைச் சொல்லி, கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் வயதானவர்களுக்கென்று கட்டிய குடியிருப்பு ஒன்றில் தரைத்தள வீடாகப் பார்த்து முடித்தார்கள். வருகிற தை பிறந்ததும் ஜாகை மாற்றம் என்று ஏற்பாடு. கல்கத்தாவில், டாக்குரியாவில், லிஃப்ட் இல்லாத கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் இருபத்தெட்டு வருஷமாகக் குடியிருக்கிறேன். இந்த வீட்டிலிருந்து என்னை இறக்குவதற்கு என்னையே காரணமாகக் காட்டினார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எனக்கு வயது அறுபத்தாறு. கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில், பணியாளர் பிரிவில் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்தேன். ஊராருக்கெல்லாம் மாறுதல் உத்தரவு டைப் அடித்துக் கொடுத்தவளுக்குக் கடைசியில் சொந்த வீட்டிலேயே மாறுதல் உத்தரவு வந்தது.

முதுகு முறிந்தது போன நவம்பரில். இந்த ஊரில் மாடியில் இருப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. காய்கறி வண்டி தெருவில் வந்து நின்றால், பால்கனியிலிருந்து கயிற்றில் பையை இறக்குவோம். வண்டிக்காரர் காயை நிறுத்துப் போட்டுக் குரல் கொடுப்பார், மேலே இழுத்துக்கொள்வோம். அன்று ஒரு கீற்றுப் பூசணி, இரண்டு தேங்காய், இரண்டு கிலோ உருளைக்கிழங்கு. கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்தி, நன்றாகக் குனிந்து, கயிற்றைச் சுண்டி இழுத்தேன். முதுகில் ‘டக்’ என்று ஒரு சத்தம். கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் கயிற்றை விடவில்லை. தேங்காய் யார் தலையிலாவது விழுந்தால் என்ன ஆவது? பையை மேலே கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் தரையில் உட்கார்ந்தேன்.

வாய்வுப் பிடிப்பு என்றார் பட்டாபி. நாலு நாள் பெருங்காயமும் மோருமாகப் போயிற்று. ஐந்தாம் நாள் பாலிகஞ்சிலிருந்து என் சிநேகிதி விஜயலட்சுமி வந்தாள். அவள் இரட்டைப் பிள்ளை பெற்றவள். அப்படிப்பட்டவள் கை பட்டால் சுளுக்குப் போய்விடும் என்று நம் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. தெற்குக் கல்கத்தாவில் இருக்கும் தமிழர்களுக்கெல்லாம் சுளுக்கெடுக்க அவள் ஒருத்திதான், அதனால் கிராக்கி அதிகம். விளக்கெண்ணெயைத் தடவி, கட்டை விரலால் ஓர் அழுத்து அழுத்தினாள். நான் போட்ட கூச்சலில் இரண்டாம் மாடி மாஷிமா, நம் பாஷையில் மாமி, மேலே ஓடி வந்துவிட்டாள். மறுநாள் எக்ஸ்ரே எடுத்தார்கள்.

இடுப்புக்குச் சற்று மேலே ஒரு முள்ளெலும்பு, முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி ஆகியிருந்தது. பூசணிக்காய்க்கெல்லாம் எலும்பு உடையாது, எலும்பு ஏற்கெனவே உள்ளுக்குள் சல்லடையாகிவிட்டது என்றார் டாக்டர். ஆஸ்டியோபோரோசிஸ். ஸ்கேன் எடுத்ததில் அதற்கு ஒரு நம்பரும் கிடைத்தது. வருஷத்துக்கு ஒரு தடவை ஏற்றும் ஊசி, கால்சியம், வைட்டமின் டி, கொஞ்ச நாளைக்கு இடுப்பில் பெல்ட். ‘வலி குறைந்ததும் நடமாட ஆரம்பியுங்கள்’ என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. பட்டாபியின் காதில் விழவில்லை.

அவர் துறைமுகத்தில் பாதுகாப்புப் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். எழுபத்திரண்டு வயதாகியும் சுற்றறிக்கை விடும் பழக்கம் போகவில்லை. ஃப்ரிட்ஜில் ஒரு சீட்டு: ‘குனியாதே.’ பீரோவில் ஒரு சீட்டு: ‘தூக்காதே.’ வாசல் கதவின் உள்பக்கம்: ‘என்னைக் கேட்காமல் இறங்காதே.’ சமையலுக்கு ஆள் வைத்தார். குடத்தையும் தோசைக்கல்லையும் எனக்கு எட்டாத இடத்தில் ஏற்றினார். அன்பில்லை என்று சொல்ல மாட்டேன். அன்பு இருந்தது, அது என்னைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்தது.

ஏழு வாரம் படுத்தேன். ஒரு நாள் காலை டாய்லெட்டில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. முதுகு வலிக்கவில்லை. தொடை வேலை செய்யவில்லை. குழாயைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், குழாய்தான் அசைந்தது. கடைசியில் அவரைக் கூப்பிட்டேன். அவர் வந்து என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். நாற்பத்தொரு வருஷத் தாம்பத்தியத்தில் அவர் முன்னால் நான் வெட்கப்பட்டது அன்றைக்குத்தான். அன்று முழுக்க அழுதேன். சாயங்காலம் அழுகை நின்று கோபம் வந்தது. வந்த கோபம் இன்றுவரை போகவில்லை, போக வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவள் சாய்பிரியா. திருநெல்வேலிப் பெண், கல்கத்தா வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. வங்காளிப் பேஷண்டுகளோடு கையைக் காலை ஆட்டிப் பேசிக் களைத்துப்போயிருந்தவள், என் வாயில் தமிழைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“கையைக் கட்டிக்கிட்டு அஞ்சு தடவை சேர்ல இருந்து எந்திரிங்கம்மா, பாப்போம்” என்றாள்.

ஒரு தடவைகூட முடியவில்லை.

“எலும்பு ஆறிட்டு வருதும்மா. இனிமே உங்களைக் கீழ தள்ளப் போறது தொடைதான். சதை இல்லன்னா விழுவீங்க. விழுந்தா அடுத்த எலும்பு. இப்படிப் படுத்தே கிடந்தா ரெண்டும் போயிரும்லா?”

“குனியாதே, தூக்காதேன்னு ஆத்துல போர்டு மாட்டியிருக்கார்.”

“முதுகை வளைச்சுக் குனியக் கூடாது, அது சரிதான். இடுப்பை மடக்கிக் குனியலாம். அதைச் சொல்லித் தாரேன். வெயிட்டு தூக்கத்தான் வேணும். இன்னைக்கே இல்ல, மெல்ல மெல்ல. எலும்புக்குப் பாரம் குடுத்தாத்தான் அதுக்கு உறைக்கும், தனக்கு வேலை இருக்குன்னு.”

எனக்கு அவள் பேச்சு பிடித்திருந்தது. என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரிப் பார்க்காத ஒரு ஆளைப் பார்த்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவள் என்னை அளவுகோலில் நிறுத்தி உயரம் பார்த்தாள். என் விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் எத்தனை விரல் நுழைகிறது என்று பார்த்தாள். முதுகு நசுங்க நசுங்க அந்த இடைவெளி குறையுமாம். நாலு சென்டிமீட்டருக்கு மேல் ஒருவர் குட்டையாகியிருந்தால், வலியே இல்லாவிட்டாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டுமாம். எனக்கு இரண்டு சென்டிமீட்டர்தான் போயிருந்தது. பிழைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் மாதம் நாற்காலிதான் எனக்கு ஜிம். சோபா நுனியிலிருந்து எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்து. பட்டாபி செய்தித்தாளுக்கு மேலே கண்ணை உயர்த்தி, “எங்கேயாவது கிளம்பறியா, இல்லையா? ஒண்ணு முடிவு பண்ணு” என்பார். அடுத்தது தண்ணீர் பாட்டில். பிறகு குப்புறப் படுத்து நெஞ்சை மட்டும் தூக்குவது. மார்ச்சில் ஒரு மாடி ஏறி இறங்கினேன். மே மாதம், கொளுத்துகிற வெயிலில், கம்பியைப் பிடிக்காமல் ஐம்பத்துநாலு படியையும் ஏறினேன். மேலே வந்தால் கதவைத் திறந்துகொண்டு அவர் நிற்கிறார். முகத்தில் சந்தோஷம் இருக்கும் என்று நினைத்தேன். பயம்தான் இருந்தது.

“இதெல்லாம் எத்தனை நாளைக்கு, கோமதி?” என்றார்.

“நான் இருக்கற நாளைக்கு” என்றேன்.

ஜூனில் சாய்பிரியா, இனி நான் பாரம் தூக்கலாம் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். எங்கள் பாராவில், அதாவது எங்கள் பேட்டையில், வியாயாம சமிதி என்ற பழைய உடற்பயிற்சிக் கூடம் ஒன்று உண்டு. தகரக் கூரை, துருப்பிடித்த இரும்பு, சுவரில் சட்டையில்லாத பயில்வான்களின் கறுப்புவெள்ளைப் படம். மத்தியானம் மூன்றரையிலிருந்து ஐந்து வரை பெண்களுக்கு. அங்கே பயிற்சி கொடுக்கும் சுதபா என்னையும் என் நூல் புடவையையும் பார்த்துவிட்டு, “மாஷிமா, யோகா வகுப்பு எதிர் வீட்டில்” என்று வங்காளியில் சொன்னாள். யோகா வேண்டாம், இரும்பு வேண்டும் என்றேன். சீட்டைப் படித்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நாளைக்கு சல்வார் போட்டுக்கொண்டு வாருங்கள்” என்றாள். அறுபத்தாறு வயதில் முதல் முறையாக சல்வார் வாங்கக் கரியாஹாட் கடைத்தெருவுக்கு நடந்தே போனேன்.

மரக் குச்சியில் ஆரம்பித்து, ஐந்து கிலோ, எட்டு, பன்னிரண்டு. முதுகு நேராக, பிருஷ்டம் பின்னால், பாரம் காலோடு ஒட்டி. கல்லூரிப் பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு, கண்ணாடியில் தங்கள் முதுகு என் முதுகு மாதிரி நேராக இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதில் என்ன தப்பு?

ஜூலையில் ஒரு நாள் சமிதியிலிருந்து திரும்பி வந்தால், வீட்டில் முன்பின் தெரியாத மூன்று பேர். ஒருவன் டேப்பை நீட்டிச் சமையல் மேடையை அளக்கிறான். ஓர் அம்மாள் என் மளிகை அலமாரியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்க்கிறாள். புரோக்கர் ஹாலில் உட்கார்ந்து எங்கள் காபியைக் குடிக்கிறான். பட்டாபி என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்து, இரண்டு கையாலும் சோபாவை ஊன்றி, மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

“எங்க மிஸஸ். ஸ்பைன் ஃப்ராக்சர். பாவம், மாடி ஏற முடியலை” என்று அவர்களிடம் இங்கிலீஷிலும் ஹிந்தியிலுமாகச் சொன்னார்.

மூன்று மாடி ஏறி வந்து மூச்சுகூட வாங்காமல் நிற்கிறேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. அந்த அம்மாளிடம் போய், அலமாரிக் கதவைச் சாத்திவிட்டு, வீடு விற்பதற்கில்லை என்று வங்காளியில் சொன்னேன். வீடு இரண்டு பேர் பேரிலும் இருக்கிறது. என் கையெழுத்து இல்லாமல் ஒரு ஜன்னல் கம்பியைக்கூட விற்க முடியாது. பணியாளர் பிரிவில் இருந்தவளுக்குக் கையெழுத்தின் மதிப்பு தெரியும். அவர்கள் போனபிறகு நானும் அவரும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.

அதற்கப்புறம் ஆவணி அவிட்டம் வந்தது. காலையில் கோயில் மண்டபத்துக்குப் போய்ப் பூணூல் மாற்றிக்கொண்டு வந்தவர், சட்டையைக் கழற்றினதும் புலம்ப ஆரம்பித்தார்.

“இந்த வாத்தியார் வருஷா வருஷம் நூலை நீட்டிண்டே போறார். தொப்புளுக்குக் கீழே தொங்கப்படாதுன்னு சாஸ்திரம். இங்கே பாரு, எங்கே கிடக்கறதுன்னு. வந்து ஒரு முடிச்சு போடு.”

போன வருஷமும் முடிச்சு போட்டேன். அதற்கு முந்தின வருஷமும். ஒவ்வொரு தடவையும் வாத்தியாரை இரண்டு பேருமாகத் திட்டினோம்.

“மத்தவாளுக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

“அதான் வேடிக்கை. ஒரே கட்டுலேர்ந்துதான் எல்லாருக்கும் எடுத்துக் குடுத்தார். பக்கத்துல வைத்தீஸ்வரன், அவனுக்குக் கன கச்சிதமா இருக்கு. எனக்குன்னு பார்த்து நீளமா குடுத்திருக்கார்.”

முடிச்சுப் போட நூலை எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. அவர் இடுப்பைப் பார்த்தேன். வயிறு மடிந்து முன்னால் வந்திருந்தது. விலா எலும்பு இடுப்பெலும்பின்மேல் ஏறக்குறைய உட்கார்ந்திருந்தது. இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட நுழையவில்லை. நூல் நீளவில்லை, மனுஷர்தான் குறைந்துகொண்டே வந்திருக்கிறார்.

“சுவரோட ஒட்டி நில்லுங்கோ” என்றேன்.

“எதுக்கு?”

“நில்லுங்கோன்னா.”

தலையில் பஞ்சாங்கத்தை வைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். பென்ஷன் பேப்பரை எடுத்தேன். அதில் அங்க அடையாளத்துக்குப் பக்கத்தில் உயரமும் எழுதியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? நூற்றெழுபத்தொன்று. சுவரில் நூற்று அறுபத்துநாலு.

“ஏழு சென்டிமீட்டர் எங்கே போச்சு?” என்று கேட்டேன்.

“பழைய கட்டடம். தரை எறங்கியிருக்கும்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பயமும். மறுநாளே டாக்ஸி பிடித்து அழைத்துப்போனேன். எக்ஸ்ரேயில் நடு முதுகில் மூன்று முள்ளெலும்பு நசுங்கியிருந்தது. மூன்றும் பழைய முறிவு. ஆஸ்துமா இளைப்புக்காக வருஷக்கணக்கில் அவர் சாப்பிட்ட ஸ்டீராய்டு மாத்திரை எலும்பை அரித்திருக்கிறது. ஆண்களுக்கு இது வராது என்று இவரும் நினைத்தார், நானும் நினைத்தேன், அவருக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தவரும் நினைத்திருப்பார் போலிருக்கிறது. பெண்கள் வியாதி என்று பெயர் வைத்துவிட்டால் ஆண்களை யாரும் அளந்து பார்ப்பதில்லை.

எனக்குக் கொடுத்த மருந்தும் புத்திமதியும்தான் அவருக்கும் கொடுத்தார்கள். அவர் மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டார். சாய்பிரியாவிடம் போகவில்லை. வந்து கட்டிலில் படுத்தவர் படுத்தவர்தான். துர்கா பூஜைக்குக்கூட இறங்கவில்லை. பந்தலில் டாக் மேளம் அடிக்கிற சத்தம் ஜன்னல் வரைக்கும் வந்தது. ஒவ்வொரு வருஷமும் அஷ்டமி அன்று அம்மனுக்குப் புஷ்பாஞ்சலி கொடுக்க எனக்கு முன்னால் போய் நிற்கிறவர், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நான் மட்டும் போனேன். போன இடத்தில் எல்லோரும் அவரை அண்ணன் முறையில் ‘தாதா எங்கே?’ என்று கேட்க, எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

லட்சுமி பூஜை முடிந்த மறுநாள் விவேக் பெங்களூரிலிருந்து வந்தான். கையில் விற்பனை ஒப்பந்தம். ஜூலையில் வந்த அதே மனிதர்கள்தான், காத்துக்கொண்டிருக்கிறார்களாம். மறுநாள் காலை புரோக்கர் வருவான், நான் கையெழுத்துப் போட வேண்டும். சாப்பாட்டு மேஜையில் காகிதத்தைப் பரப்பினான். பட்டாபியும் எழுந்து வந்து உட்கார்ந்தார்.

“அம்மா, கொஞ்சம் ப்ராக்டிகலா யோசி. ஒனக்கு ஒரு எலும்பு, அப்பாவுக்கு மூணு. நாலு எலும்பு ஒடைஞ்ச ரெண்டு பேர் மூணாவது மாடியில இருக்கறதுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கா?”

“ஆளுக்கு இருநூறு எலும்பு இன்னும் முழுசா இருக்குடா” என்றேன்.

“வெளையாடாதே. அங்கே படியே கிடையாது. பெல் அடிச்சா நர்ஸ் வருவா.”

“எனக்கு நர்ஸ் வேண்டாம். எனக்கு இந்தப் படி வேணும். தினமும் நாலு தரம் ஏறி எறங்கறேன், அதனாலதான் இன்னிக்கு எழுந்து நிக்கறேன். படியே இல்லாத எடத்துல கொண்டுபோய் வெச்சா ஆறே மாசத்துல நான் மறுபடியும் குழாயைப் பிடிச்சுண்டு கத்தணும். கையெழுத்துப் போட மாட்டேன். அப்பாவுக்குப் போகணும்னா போகட்டும். நான் இங்கே தனியா இருந்துப்பேன்.”

சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. ஆனால் மாற்றிக்கொள்ளவில்லை. அதுதான் நிஜம். விவேக் காகிதத்தை என் பக்கம் நகர்த்தினான்.

“அவருக்காகவாவது யோசிக்கக் கூடாதா? ஒன்னாலதானே அப்பா இந்த ஏற்பாடெல்லாம்…”

“என்னாலன்னு இன்னொரு தடவை சொல்லாதே.” மேஜையில் தட்டினேன், காகிதம் துள்ளியது. “பதினோரு மாசமா இதைக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு. என் முதுகு நன்னா இருக்கு. நேத்திக்குப் பதினஞ்சு கிலோ தூக்கினேன். என் முதுகைச் சொல்லி இந்த ஆத்தை யாரும் விக்கப்படாது.”

அப்போதுதான் பட்டாபி பேசினார். தலை நிமிரவில்லை.

“அவளால இல்லடா. எனக்குத்தான் பயம்.”

இரண்டு பேரும் அவரைப் பார்த்தோம்.

“ரெண்டு வருஷம் முன்னாடி, டிசம்பர் மாசம். பால் வாங்கிண்டு ஏறி வரேன். ரெண்டாவது மாடி தாண்டி, திரும்பற எடத்துல கால் வழுக்கி, ‘தொம்’னு ஒக்காந்துட்டேன். எழுந்திருக்க முடியலை. இருபது நிமிஷம் அங்கேயே கிடந்தேன். யாராவது பார்த்துடப் போறாளேன்னுதான் இருந்தது, வலியைவிட. அப்பறம் தவழ்ந்து வந்தேன். ஒங்கிட்ட சொல்லலை, கோமதி. அன்னிலேர்ந்து ஒவ்வொரு படியையும் எண்ணிண்டுதான் எறங்கறேன். ஒனக்கு முதுகு ஒடைஞ்சதும்…” நிறுத்தினார். “ஒன் பேரைச் சொல்லிண்டு கீழே போயிடலாம்னு நினைச்சேன். என் பேர்ல சொல்ல வெக்கமா இருந்தது.”

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல! என்னைக் கட்டிலில் கிடத்தியது, சீட்டு ஒட்டியது, வந்தவன் போனவனிடமெல்லாம் என்னைப் பாவம் ஆக்கியது, அத்தனையும் தம் பயத்தின்மேல் அவர் போட்டுக்கொண்ட போர்வை. இந்தப் பக்கம் கோபம், அந்தப் பக்கம், அந்தக் குளிரில் பால் பாக்கெட்டோடு தரையில் கிடந்த மனுஷர். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரியவில்லை. அதனால் இரண்டோடும் எழுந்தேன்.

“எழுந்திருங்கோ” என்றேன்.

“எங்கே?”

“நீங்க விழுந்த எடத்தைக் காட்டுங்கோ.”

விவேக் குறுக்கே வந்தான். “அம்மா, ஒனக்குப் பைத்தியமா? அவர் ரெண்டு மாசமா படுத்த படுக்கையா இருக்கார்.”

“டாக்டர் நடக்கச் சொன்னார். படுக்கையில படுத்தது இவரோட சொந்த உத்தரவு. நீ எறங்கும்போது அவருக்கு ஒரு படி கீழே நில்லு, ஏறும்போதும் கீழே நில்லு. சாய்ஞ்சா நீ பிடி. நான் பிடிக்க மாட்டேன், எனக்கு என் முதுகு வேணும்.”

பட்டாபி எழுந்தார். மேஜையை ஊன்றித்தான் எழுந்தார், ஆனால் எழுந்தார். வாசலில் வந்து நின்றதும் அவர் நிறமே மாறிவிட்டது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்தார். நான் பக்கத்தில் நின்றேன், தொடவில்லை. ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து, மூச்சு விட்டு, அடுத்த படி. சாய்பிரியா எனக்குச் சொன்னதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். கீழே பார்க்காதீர்கள், நெஞ்சை நிமிர்த்துங்கள், மூச்சைப் பிடிக்காதீர்கள். விவேக் அவருக்கு முன்னால் பின்பக்கமாகவே இறங்கினான். 

பத்தாவது படியில் திருப்பம். அங்கே நின்று, சுவரோரமாகத் தரையைக் காட்டினார்.

“இங்கேதான்.”

ஒன்றுமே இல்லாத இடம். ஒரு மின்சாரப் பெட்டி, கீழே எட்டிப் பார்த்தால் மாஷிமா வீட்டுச் செருப்பு ஸ்டாண்டின் ஒரு மூலை. இரண்டு வருஷமாக இதைத் தாண்டி நான் காய்கறிக்கும் பாலுக்கும் போய் வந்திருக்கிறேன். அவர் அந்தத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தது. என் கண்ணும்தான்.

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“சொன்னா நீ என்னை விட்டுட்டுத் தனியாப் போயிண்டு வந்துண்டு இருப்பே. நான் மேலேயே இருப்பேன்.”

“இப்போ மட்டும் என்ன?”

 அவர் திரும்பி, கம்பியைப் பிடித்து, மேலே பார்த்தார். ஏறுவதற்கு இறங்குவதைவிட நேரமாயிற்று. ஐந்தாவதிலிருந்து அடுத்த படிக்குக் கால் எழும்பவில்லை. விவேக் கையை நீட்டினான். “தொடாதே” என்று நானும் அவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். ஆறு. ஏழு. எட்டில் நின்று இளைப்பை ஆற்றிக்கொண்டார். இரண்டாம் மாடிக் கதவு திறந்து மாஷிமா எட்டிப் பார்த்து, என் முகத்தைப் பார்த்ததும் மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒன்பது. பத்து.

வாசல்படியில் நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உள்ளே போய் உட்காருவார் என்று விவேக் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவர் நாற்காலியைப் பார்த்தார். மேஜைமேல் கிடந்த காகிதத்தையும் பார்த்தார்.

“விவேக், அந்தப் புரோக்கரை நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிடு” என்றார்.

“அப்பா, நிதானமா யோசிக்கலாம். மொதல்ல ஒக்காருங்கோ.”

“நீ ஒக்காரு. ரொம்ப நேரம் பின்பக்கமா எறங்கினே, களைச்சிருப்பே.” கம்பியை மறுபடி பிடித்தார், இந்தத் தடவை ஒரு கையால். “கோமதி, நீ எனக்கு ஒரு படி கீழே வராதே, பக்கத்துலயே வா. இன்னொரு தரம் போயிட்டு வரலாம்.”